பெயர் எழுதிய சுவர்

ஜெனீவா
9.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மகேசு எழுதுகிறேன். ஒரு வாரமாகக் கூப்பிடுகிறேன், நீ போனை எடுக்கவில்லை. எடுக்காதவர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதுதான் என் உத்தியோகம் என்றாலும், உன்னிடம் அந்தப் பாச்சா பலிக்காது என்று தெரியும். அதனால் மெயிலில் எழுதுகிறேன். கடிதமாக நினைத்துப் படி.

லேகா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். நேற்றுப் பேசினாள். அந்த ஆஸ்பத்திரியில் உவரிக்காரப் பெண் ஒருத்தி நர்ஸாக இருக்கிறாளாம், பெயர் கிறிஸ்டி. இரண்டு பேரும் நம் ஊர்ப் பேச்சுப் பேசினால், மற்றவர்கள் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வருகிறார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. அத்தான் போன பிறகு நீ ஒற்றை ஆளாக நின்று வளர்த்து, குழந்தை வைத்தியம் படிக்க வைத்த பெண். குண்டு விழுந்த ஊருக்கு அவளை நான் அனுப்பிவிட்டேன் என்கிறாய். நான் அனுப்பவில்லை அக்கா. அங்கே குழந்தை டாக்டர் இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாளே விண்ணப்பம் போட்டுவிட்டாள். உன்னிடம் சொல்லும் வேலையை அவள் என் தலையில் கட்டினாள், நான் அவள் தலையில் கட்டினேன், அதற்குள் விமானம் ஏறிவிட்டாள். அது தப்புதான்.

அங்கே சண்டை நின்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது குண்டு பயம் இல்லை, குளிர்தான். ஆஸ்பத்திரி இடிந்துபோனதால், பிறந்த குழந்தைகளை ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் வைத்துப் பார்க்கிறார்கள். பக்கத்துக் காலி மனையில் அந்தக் குழந்தைகளுக்கென்று தனிக் கட்டடம் வரப்போகிறது. சூடேற்றும் வசதி, சொந்த மின்சாரம் எல்லாம் உண்டு. பணக்கார நாடுகள் கூடின மாநாட்டில் ஒரு பெரிய நாடு மைக்கைப் பிடித்து, அதைத் தாங்கள் கட்டித் தருவதாக அறிவித்திருக்கிறது. எந்த நாடு என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. இப்படி அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடுகிறவர்களுக்கு நினைவூட்டத்தான் இங்குள்ள நிவாரண அமைப்பில் தில்லியிலிருந்து என்னை இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

குளிர்காலம் வருவதற்குள் அந்தக் கட்டடம் எழும்பிவிடும். லேகா அதற்குள் நின்றுதான் வேலை பார்ப்பாள். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் தம்பி,
மகேஸ்வரன்


கல்லிடைக்குறிச்சி
15.4.2025

மகேசுக்கு,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை, அதனால் போடவில்லை.

லேகாவுக்குக் காது குத்தினபோது உன் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் நீ அவள் கண்ணைப் பொத்தினாய். பிள்ளை உன் விரலைக் கடித்து வைத்தது. தாய்மாமன் என்றால் பிள்ளையின் கண்ணைப் பொத்தத்தான் வேண்டும், சரி. என் கண்ணையும் சேர்த்துப் பொத்துவாய் என்று நான் நினைக்கவில்லை.

உன் உத்தியோகம் என்னவென்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. வெளிநாட்டு இலாகாவில் பெரிய அதிகாரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் நீயும் என்னை மாதிரி வாசல்வாசலாகப் போய் நிற்கிறவன்தான்.

அந்த டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடம் இடிந்தது உனக்குத் தெரியும். அடுத்த தையில் ஊர்க்கூட்டம் போட்டோம். திசையன்விளையில் இரும்புக்கடை வைத்திருக்கிற ஆவுடைநாயகம் அண்ணாச்சி எழுந்து, "பிள்ளையளுக்குச் சோத்துக்கூடம் நான் கெட்டித் தாரேன்" என்று மைக்கில் சொன்னார். ஊரே கைதட்டியது. அப்புறம் ஒரு வருடம் ஆளைக் காணோம். தலைமையாசிரியை என்ற கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவர் கடைக்கே போய் நின்றேன். குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார். "பைய செய்வோம் டீச்சர், நான் எங்கன போயிரப் போறேன்" என்றார்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தை பிறந்ததும் பெயிண்டர் மதாரைக் கூப்பிட்டேன். 'சத்துணவுக்கூடம், உபயம்: திசையன்விளை ஆவுடைநாயகம்' என்று எழுதச் சொன்னேன்.

"கெட்டடமே இல்லியே டீச்சர், எதுல எழுத?" என்றார் மதார்.

"சுத்துச்சுவர்ல எழுதுங்க. ரோட்டப் பாத்து, செவப்புல."

அண்ணாச்சியின் மகளை எங்கள் ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. பேரனைப் பார்க்க வருகிறவர் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். கடைத்தெருவில் ஆளுக்கு ஆள் "அண்ணாச்சி, சோத்துக்கூடம் பிரமாதம்லா" என்று கேட்டிருக்கிறார்கள். வேகுவேகென்று என்னிடம் வந்தார்.

"என்ன டீச்சர், கெட்டாத கெட்டடத்துக்குப் பேர எழுதிட்டிய. நாலு பேரு மூஞ்சில முழிக்க முடியலியே."

"கெட்டிட்டா முழிச்சிரலாம் அண்ணாச்சி."

பங்குனி முடிவதற்குள் கூரை போட்டாயிற்று. பெயரை எழுதிவிட்டால் மனுஷன் ஓட முடியாது, தெரிந்துகொள். உன் பெரிய நாட்டுக்கு வேண்டுமானால் மதாரை அனுப்பி வைக்கிறேன்.

நேற்று சித்திரை விசு. பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டேன். வாக்கு என்று எழுதியிருக்கிறாய். அதை நான் மறக்கமாட்டேன், நீயும் மறக்காதே.

கோமு


ஜெனீவா
22.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு நல்ல செய்தி. அதில் பாதிப் பெருமை உனக்குச் சேரவேண்டியது.

முதலில் நான் பட்ட பாட்டைக் கேள். அந்த நாட்டுத் தூதரகத்துக்கு நடையாக நடந்தேன். ஒவ்வொரு தடவையும் காபி, பிஸ்கட். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கேட்பதற்கு முன்னால் நன்றி சொல்ல வேண்டும். வராததை வந்துகொண்டிருப்பதாகப் பாவித்து, உங்கள் தாராள மனசுக்கு நன்றி என்றுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். 'தரவில்லை' என்ற சொல் எங்கள் வாயில் வரவே கூடாது. அவர்களும் பதிலுக்கு, சொன்ன சொல்லில் உறுதியாக இருக்கிறோம் என்பார்கள். கை குலுக்கிவிட்டு வெளியே வந்து பார்த்தால் கை வெறுமையாக இருக்கும். இரண்டாவது மாதம் அந்த அதிகாரியை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் "எந்த ஊர் ஆஸ்பத்திரி?" என்று முதலிலிருந்து கேட்டார்.

அப்போதுதான் உன் பெயிண்டர் மதார் நினைவுக்கு வந்தார். அந்த மனையில் உங்கள் நாட்டின் பெயரைக் கல்லில் வெட்டி விழா எடுக்கிறோம் என்று சொன்னேன். அதுவரை ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மாதக்கணக்கில் இழுத்தவர்கள், தூதரே நேரில் வந்து திறந்துவைப்பார் என்று அன்று சாயங்காலமே சொல்லி அனுப்பினார்கள்.

லேகாவிடம் சொன்னேன். மதார் கேட்டதையே அவளும் கேட்டாள். "மாமா, கெட்டடம் இல்லாம கல்ல எதுல பதிக்க?" ஒரு சுவர் மட்டும் எழுப்பச் சொன்னேன். இடிந்த ஆஸ்பத்திரியின் செங்கல்லே அதற்குப் போதுமானதாக இருந்தது. காலி மனை நடுவில் ஒற்றைச் சுவர், அதில் கறுப்புக் கல், நாட்டின் பெயர். நேற்று முன்தினம் திறப்பு விழா. பேண்டு வாத்தியம், கையில் கொடியோடு பிள்ளைகள், பூங்கொத்து எல்லாம் இருந்தது. தூதர் நாடாவை வெட்டினார். நான் மேடையேறி நன்றி சொன்னேன். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்திருக்கிறது, உனக்கும் அனுப்பியிருக்கிறேன்.

படத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோட்டோடு லேகா நிற்கிறாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஏன் என்று கேட்டேன். "வார்டுல ஆளே இல்ல மாமா. எல்லாரையும் கைதட்டக் கூட்டிட்டு வந்துட்டிய" என்றாள். உன் பெண் உன்னை மாதிரித்தான்.

இனிமேல் அவர்கள் ஓட முடியாது. உலகமே பார்த்துவிட்டது.

அன்புடன்,
மகேசு


கல்லிடைக்குறிச்சி
24.8.2025

அன்புள்ள மகேசுக்கு,

இந்தத் தடவை போட்டுவிட்டேன், பார்த்தாயா.

படத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டினேன். ஆவுடைநாயகம் அண்ணாச்சி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவருக்கும் காட்டினேன். "நம்ம மானம் போன கதை சீமை வரைக்கும் போயிட்டா டீச்சர்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

லேகா ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் கூப்பிடுகிறாள். அந்த நேரத்தில் நான் அடுப்பைக்கூடப் பற்ற வைப்பதில்லை, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இன்றைக்குக் கேட்டேன், கட்டடம் எதுவரை வந்திருக்கிறது என்று.

"அந்தச் சுவரு அப்படியேதாம்மா நிக்கி. பிள்ளையள்லாம் அதுல பந்தெறிஞ்சு வெளையாடுது. வெளையாட நல்ல சுவரு."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை மகேசு.

அண்ணாச்சி பெயரை எழுதின மாதமே செங்கல் வந்து இறங்கியது. உனக்கு இரண்டு மாதம் ஓடிவிட்டது. பெரிய நாடு என்றால் லாரி பைய வருமோ என்னவோ. இங்கே ஆவணி பிறந்து கார் நெல் அறுப்புக்கு நிற்கிறது. அங்கே குளிர் எப்போது தொடங்கும் என்று ஒரு வரி எழுது.

அவளுக்குக் கம்பளிச் சட்டை வாங்கத் திருநெல்வேலியில் கடைகடையாக ஏறி இறங்கினேன். கடைக்காரர் "ஊட்டிக்கா அம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல.

கோமு


ஜெனீவா
19.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாளை தீபாவளி. பண்டிகை கழிந்த பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். மனசில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

போன வாரம் அந்தத் தூதரகத்துக்குப் போனேன். வேலையை எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டேன். அதிகாரி ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் அவர்களுக்கு அனுப்பின அதே படம், தூதர் நாடா வெட்டுகிற படம். அந்தக் கட்டடம் முடிந்ததாக அவர்களுடைய அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டாராம். சபை கைதட்டியதாம். அதற்கு ஒதுக்கின பணம் இப்போது வேறொரு நாட்டுச் சண்டைக்குப் போய்விட்டது.

"சுவர் மட்டும்தான் நிற்கிறது" என்றேன்.

"அப்படியானால் எதற்கு நன்றி சொன்னீர்கள்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்.

இதை வெளியே சொல்லக் கூடாது என்று என் மேலதிகாரி கண்டித்துச் சொல்லிவிட்டார். ஒரு நாட்டை அவமானப்படுத்தினால் மற்ற நாடுகளும் கையை இழுத்துக்கொள்ளுமாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நிலவறையைச் சூடேற்ற முடியாது என்பதும் எனக்குத் தெரிகிறது.

அக்கா, அண்ணாச்சிக்குப் பேரனைப் பார்க்க அந்தச் சுவரைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. இவர்கள் யாருக்கும் அந்த மனைப் பக்கம் இனி ஒரு வேலையும் இல்லை. அங்கே யார் மூஞ்சியிலும் முழிக்கவேண்டிய அவசியம் இல்லை. பெயர் கிடைத்தது, கிளம்பிவிட்டார்கள். இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். இத்தனை வருடம் இவர்களோடு பழகின எனக்குத் தோன்றவில்லை.

வேறு நாடுகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் குளிர்காலத்துக்குள் எதுவும் நடக்காது. லேகாவைக் கூப்பிடு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய்யாவது சொல்லி வரச் சொல். பங்குனியில் திரும்பிப் போகட்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

மகேசு


கல்லிடைக்குறிச்சி
2.11.2025

மகேசு,

கூப்பிட்டேன். வரமாட்டாளாம்.

"நான் வந்துட்டா இங்கன யாரும்மா பாப்பா? கிறிஸ்டி ஒத்தையில என்ன செய்வா?" என்கிறாள். உடம்பு சரியில்லை என்று சொன்னேன், எங்கே வலிக்கிறது என்று டாக்டர் மாதிரி கேள்வி கேட்டு என் பொய்யைப் பிடித்துவிட்டாள். சண்டை போட்டேன், அழுதேன். போனை வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டு, "மாமாவத் திட்டாதம்மா. எங்களுக்காவ வாசல் வாசலாப் போயி நிக்கது மாமா ஒருத்தருதான்" என்றாள்.

அவள் வேண்டாம் என்றாலும் நான் திட்டுவேன். எனக்கு வாக்குக் கொடுத்தது அந்த நாடு இல்லை, நீ. அந்த நாட்டை எனக்குத் தெரியாது. உன்னைத்தான் தெரியும்.

கட்டடத்தை விடு. நல்ல ஜெனரேட்டர் ஒன்றாவது வாங்கி அனுப்பு. அது முடிந்த பிறகு எனக்கு எழுதினால் போதும்.

கோமு


ஜெனீவா
25.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

லேகாவின் காரியம் முடிகிறவரை வீட்டில் இருந்தேன். ஆற்றில் முழுகிவிட்டு வரும்போதும் நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்புகிறபோது வாசலில் நின்றேன், நீ உள்ளே போய்விட்டாய். நடந்தது என்னவென்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்குக் காலையிலிருந்தே பனி கொட்டியிருக்கிறது. மின்சாரம் போய்விட்டது, பழைய ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. நீ சொன்ன ஜெனரேட்டரை வாங்கி அனுப்பியிருந்தேன் அக்கா. அது எல்லையில் சுங்கச் சோதனையில் நின்றுகொண்டிருந்தது. நிலவறையில் குழந்தைகளின் உடம்பு நீலம் பாரிப்பதைப் பார்த்துவிட்டு யாரோ கரி அடுப்பைக் கொண்டுவந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். சன்னலெல்லாம் அடைத்த இடம். அந்த அடுப்பின் விஷவாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தலை சுற்றியதும் லேகாதான் முதலில் கண்டுகொண்டாள்.

வாசலில் ஆம்புலன்ஸ் என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வண்டிக்குள் இருந்த கிறிஸ்டி கையில் கொடுத்திருக்கிறாள். எல்லாக் குழந்தையும் வந்துவிட்டது. வண்டியில் ஏறு என்று கிறிஸ்டி கூப்பிட்டிருக்கிறாள். "ஒருக்கப் பாத்துட்டு வந்துருதேன், எந்தப் பிள்ளையும் விட்டுப்போச்சான்னு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப இறங்கினாள். அப்புறம் மேலே வரவில்லை. தொட்டில் எல்லாம் காலியாகத்தான் இருந்தது.

குழந்தைகள் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். கிறிஸ்டி அழுதுகொண்டே சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த நாடு இரங்கல் தெரிவித்திருக்கிறது. அடுத்த மாதம் மறுபடியும் மாநாடு. அந்த மேடையில் புதிதாக ஒன்று அறிவிக்கப் போகிறார்கள். அதே மனையில் குழந்தைகளுக்குக் கட்டடம், டாக்டர் சித்ரலேகாவின் பெயரில். அதற்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டுமாம். அதை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. அறிவித்து முடித்ததும் எழுந்து நன்றி சொல்லவேண்டியவனும் நான்தான்.

அவள் பெயரைப் போட்டால் இந்தத் தடவை கட்டாமல் இருக்க முடியாது என்று என் மேலதிகாரி சொல்கிறார். எனக்கும் ஒரு நிமிடம் அப்படித் தோன்றியது. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. நீ என்ன எழுதுகிறாயோ அதையே சொல்கிறேன்.

மகேசு


கல்லிடைக்குறிச்சி
8.2.2026

மகேசுக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தேன், வீட்டில் தனியாகப் படிக்கத் தைரியம் வரவில்லை. தொட்டில் எல்லாம் காலியாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்துக்கு மேல் வெகுநேரம் போக முடியவில்லை. சின்ன வயசிலேயே அவள் அப்படித்தான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனதும், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி ஓடுவாள். நான் எத்தனையோ தடவை வைதிருக்கிறேன்.

எனக்குச் சம்மதம் இல்லை.

அவர்கள் முதலில் கூரையைப் போடட்டும். ஒரு குளிர்காலம் பிள்ளைகள் அதற்குள் கதகதப்பாகத் தூங்கட்டும். அப்புறம் வந்து பெயரைக் கேட்கட்டும், யோசித்துச் சொல்கிறேன். இதை அந்த மேடையில் நின்று சொல். முன்னாலும் பின்னாலும் நன்றி சேர்க்காமல் சொல். அதனால் உன் வேலை போனால் போகட்டும், இங்கே வீடு இருக்கிறது.

அந்தச் சுவர் யோசனை என்னுடையது. நீ அதைச் சொல்லிக்காட்டவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். வேடிக்கையாக எழுதினேன். தினமும் பள்ளிக்கூட வாசலில் மதாருடைய சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன். உன்னை மட்டும் வைய எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு நான் பேசாமல் உள்ளே போனது கோபத்தினால் மட்டும் இல்லை.

நேற்று ஆவுடைநாயகம் அண்ணாச்சி லேகாவின் சாவுக்குத் துட்டி கேட்க வந்தார். வடக்கே போயிருந்தாராம், திரும்பின பிறகுதான் செய்தி தெரிந்ததாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அப்புறம் அந்தத் திறப்பு விழாப் படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். போனைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். லேகாவைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அன்னைக்கி நான் சரியாப் பாக்கல. இது ஒத்தச் சுவருல்லா நிக்கி. மிச்சத்த யாரும் கெட்டலியா டீச்சர்?"

"இல்ல அண்ணாச்சி."

"கூரத் தகடு நம்ம கடையில கெடக்கு. பேரு கீரு ஒண்ணும் எழுதாண்டாம். எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க. லாரி போவுமா?"

ஒரு பேச்சுக்காகக் கேட்கவில்லை மகேசு. போனைக் கையில் வைத்துக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. அப்போதுதான் வந்தது.

"போவாது அண்ணாச்சி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. அவள் கூப்பிடுகிற நேரத்துக்கே கூப்பிடு. நான் எப்படியும் போனை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். எடுக்கிறேன்.

கோமு